'ஹேவிங்' போடலாமா, கூடாதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். கட்டிங், தையல், பேக்கிங் எங்களிடமே. சாயம், பிரிண்டிங் எல்லாம் வெளியில் ஜாப் ஒர்க். மெயிலில் எப்படியோ சமாளித்துவிடுவேன். போன மாதம் லண்டன் பையரோடு வீடியோ காலில் பேசியபோது, அந்த அம்மா சும்மா குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். 'ஐ ஆம் ஹேவிங் டூ டாட்டர்ஸ்' என்றேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து, 'ஓ, ட்வின்ஸா? கங்கிராஜுலேஷன்ஸ்! எப்போது?' என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த மேனேஜர் சிரித்தார். எனக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. எங்கள் ஆபீஸில் எல்லோருமே 'வி ஆர் ஹேவிங்' என்றுதான் எழுதுகிறோம். ஹேவ், ஹேஸ், ஹேட், ஹேவிங் இவற்றை எங்கே எப்படிப் போடுவது? மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். எனக்கு வயது 36. சேரலாமா? நான் அனுப்பிய மெயில் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

வகுப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த ஒரு சிக்கலுக்காக என்றால் பதினெட்டாயிரம் கட்ட வேண்டாம். அந்த மாதிரி வகுப்புகள் பெரும்பாலும் 'மை நேம் இஸ்' என்பதிலிருந்து ஆரம்பிக்கும். நீங்களோ தினமும் வெளிநாட்டு பையரோடு சாம்பிள், ரேட், ஷிப்மென்ட் தேதி என்று மல்லுக்கட்டுகிறவர். உங்களுக்கு அடிப்படைப் பாடம் வேண்டியதில்லை. நாலைந்து இடத்தில் திருத்தம் வேண்டும், அவ்வளவுதான். 36 எல்லாம் ஒரு வயதா என்று கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

அந்த லண்டன் அம்மா உங்களைக் கிண்டல் செய்யவில்லை. 'ஷி ஹேஸ் எ பேபி' என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. 'ஷி இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் அவள் முழுகாமல் இருக்கிறாள், குழந்தை பிறக்கப் போகிறது. நீங்கள் சொன்னது அவர் காதில் 'எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறக்கப் போகின்றன' என்றுதான் விழுந்திருக்கும். பிறக்கும் முன்பே பெண் என்று எப்படித் தெரியும் என்று நமக்குத்தான் தோன்றும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இங்கிலாந்தில் ஸ்கேன் பார்த்தபோதே சொல்லிவிடுவது சகஜம். அதனால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது, மனதார வாழ்த்தியிருக்கிறார். உங்கள் மேனேஜர் சிரித்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவருடைய மெயில்களில் எத்தனை 'ஹேவிங்' இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

சரி, நாம் எல்லோரும் ஏன் இப்படி 'ஹேவிங்' போடுகிறோம்? அக்கறையின்மை என்று சில வாத்தியார்கள் திட்டுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழை ஒழுங்காகப் பின்பற்றுவதால்தான் இந்தத் தவறே வருகிறது.

தமிழில் 'ஹேவ்' என்பதற்கு நேரான ஒற்றை வினைச்சொல் கிடையாது. 'எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்', 'என்னிடம் சாம்பிள் இருக்கிறது', 'யூனிட்டில் நாற்பது மெஷின் இருக்கிறது'. எல்லாவற்றுக்கும் 'இரு' ஒன்றுதான். உடையவர் 'எனக்கு', 'என்னிடம்', 'யூனிட்டில்' என்று உருபை ஏற்றுக்கொண்டு ஓரமாக நிற்பார். இருக்கிற பொருள்தான் எழுவாய். ஆங்கிலத்தில் இது தலைகீழ். உடையவர் எழுவாயாக முன்னால் வந்துவிடுவார், பொருள் பின்னால் போய்விடும். இதில் தமிழ் தனி ஆளும் இல்லை. இந்தி, ரஷ்ய மொழி எல்லாம் நம் கட்சிதான். இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அயர்லாந்தின் ஐரிஷ் மொழியிலும் 'ஹேவ்' இல்லை. அங்கும் 'என்னிடம் இருக்கிறது' என்கிற கணக்குத்தான்.

ஆக, உடையவரை எழுவாயாக வைத்துப் பேச ஒரு தமிழ் வினையைத் தேடினால் முதலில் கைக்கு அகப்படுவது 'வச்சிருக்கேன்'. ஸ்கூட்டி வச்சிருக்கேன், ஸ்டாக் வச்சிருக்கோம். அதில் வரும் 'இருக்கேன்' இந்த நிமிடமும் தொடர்கிற மாதிரி ஒலிப்பதால் உடனே ஒரு 'ஆம்', ஒரு 'இங்' சேர்த்துவிடுகிறோம். காய்ச்சலோ 'அடிச்சுக்கிட்டே இருக்கு'. அதனால் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்'. தமிழுக்கு இது சரியான கணக்கு. ஆங்கிலம்தான் ஒத்துக்கொள்ளாது. உடைமையையும் உறவையும் குணத்தையும் அது நடந்துகொண்டிருக்கிற செயலாகப் பார்ப்பதில்லை. அது ஒரு நிலைமை, அவ்வளவுதான்.

இதைப் பிடிக்க இலக்கண விதியைவிட ஒரு தமிழ்ச் சோதனை சுலபம். சொல்ல வந்ததைத் தமிழில் 'உண்டு' என்று முடித்துப் பாருங்கள். 'எனக்கு இரண்டு பெண்கள் உண்டு', 'எங்களிடம் ஸ்டாக் உண்டு', 'அவருக்குப் பத்து வருட அனுபவம் உண்டு', 'யூனிட்டில் நாற்பது மெஷின் உண்டு'. எல்லாம் பொருந்துகிறதல்லவா? அப்படியானால் வெறும் ஹேவ், ஹேஸ். 'இங்' கிட்டேயே வரக்கூடாது.

'உண்டு' ஒட்டாமல் சாப்பிடுகிறோம், நடத்துகிறோம், படுகிறோம் என்று வேறொரு வினையைத் தமிழ் கேட்டால் அங்கே 'ஹேவிங்' தாராளமாக வரும். 'வி ஆர் ஹேவிங் லன்ச்', சாப்பிடுகிறோம். 'வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்', மீட்டிங் நடத்துகிறோம். 'வி ஆர் ஹேவிங் ட்ரபிள் வித் தி ஷேட்', ஷேட் சரியாக வராமல் சிரமப்படுகிறோம். இவையெல்லாம் தொடங்கி, ஓடி, முடிகிற சமாசாரங்கள். ஸ்டாக் ஓடாது. இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. (சோறு உண்டு என்றால் உண்பதுதானே, அங்கே 'ஹேவிங்' வருகிறதே என்று தமிழய்யா யாராவது மடக்கினால், அது வேறு உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.)

சில இடங்களில் இரண்டுமே சரி, பொருள்தான் மாறும். 'வி ஹேவ் எ ப்ராப்ளம்' என்றால் ஒரு பிரச்சினை இருக்கிறது. 'வி ஆர் ஹேவிங் எ ப்ராப்ளம்' என்றால் இப்போது அதில் மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறோம். தலைவலிக்கு 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்' போதும். அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கிறது என்று டாக்டரிடம் சொல்லும்போது 'ஐ ஹேவ் பீன் ஹேவிங் ஹெட்ஏக்ஸ்' வரலாம். முன்கூட்டியே ஏற்பாடாகிவிட்ட நாளைய விஷயத்துக்கும் 'ஹேவிங்' வரும்: 'வி ஆர் ஹேவிங் அன் ஆடிட் நெக்ஸ்ட் வீக்'. லண்டன் அம்மா உங்கள் பெண்களை வரப்போகிறவர்களாக நினைத்ததும் இந்த வழக்கத்தால்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங்' இந்தியா முழுக்கப் புழங்குகிறது. டெல்லியிலிருந்து பேசுகிறவருக்கும் உங்களுக்கும் இடையில் இதனால் ஒரு குழப்பமும் வராது. இதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மெயில் போய்ச் சேருவது லண்டனுக்கு. அடுத்து நீங்கள் வேறு கம்பெனிக்கு முயற்சி செய்தால், பயோடேட்டாவின் முதல் வரியிலேயே 'ஐ ஆம் ஹேவிங் டென் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று நிற்பது உங்களுக்கு நல்லதில்லை.

'ஹேவ்' கூட வருகிற ஒரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். நாம் பள்ளிக்கூடத்தில் கை தூக்கிக் கேட்பது 'ஐ ஹேவ் எ டவுட் சார்'. நமக்கு டவுட் என்றால் விளங்காத ஒன்று. ஆனால் அவர்களுக்கு அது அவநம்பிக்கை. 'வி ஆர் ஹேவிங் எ டவுட் இன் யுவர் பேமென்ட் டெர்ம்ஸ்' என்று எழுதினால், பணம் கொடுப்பீர்களா என்பதே சந்தேகம் என்று பையர் படித்துக்கொள்ள இடமிருக்கிறது. 'வி ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி பேமென்ட் டெர்ம்ஸ்' என்று போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை உங்கள் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய மெயிலுக்கு வருகிறேன். அதிலிருந்து நான்கு வரி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'வி ஆர் ஹேவிங் 2,000 பீசஸ் ரெடி ஸ்டாக்.' இதை இனி நீங்களே திருத்திவிடுவீர்கள். 'வி ஹேவ் 2,000 பீசஸ் இன் ஸ்டாக்.'

'வி ஹேவ் சென்ட் தி பிபி சாம்பிள் எஸ்டர்டே.' (பிபி சாம்பிள் என்றால் மொத்த உற்பத்திக்கு முன்பு பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி.) தமிழில் 'நேத்தே அனுப்பியிருக்கோம்' என்பது பிசகில்லாத வாக்கியம். வேடிக்கை என்னவென்றால், உடைமைக்கு வருகிற அதே 'இரு'தான் 'அனுப்பியிருக்கோம்' என்பதிலும் துணைக்கு வருகிறது. ஆங்கிலத்திலும் உடைமைக்கு வருகிற அதே 'ஹேவ்'தான் 'ஹேவ் சென்ட்' என்பதில் வருகிறது. இரண்டு மொழியும் இவ்வளவு ஒத்துப்போவதால் நாம் நம்பி ஏமாந்துவிடுகிறோம். ஆங்கில 'ஹேவ் சென்ட்' என்பதோடு சேர்த்து முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லக் கூடாது. நேற்று, போன வாரம், ஜூன் 5, காலை பத்து மணி என்று எது வந்தாலும் 'ஹேவ்' கழன்றுவிடும்: 'வி சென்ட் தி பிபி சாம்பிள் எஸ்டர்டே'. நேரமே சொல்லாவிட்டால், அல்லது 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'சோ ஃபார்' மாதிரி இந்த நிமிடம் வரைக்கும் நீளுகிற சொல் இருந்தால் 'வி ஹேவ் சென்ட்'.

தமிழில் இந்த 'இருக்கு' இன்னொரு வேலையும் பார்க்கிறது. காலையில் வாசலைத் திறந்தால் தெருவெல்லாம் ஈரம். 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். நாம் மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்தோம். 'பெஞ்சுது' என்று சொன்னால் கண்ணால் கண்ட மாதிரி. 'பெஞ்சிருக்கு' என்றால் தடயத்தை வைத்து ஊகித்த மாதிரி. இந்த நுணுக்கத்தை ஆங்கிலத்தின் 'ஹேஸ்' சுமக்காது. 'இட் ஹேஸ் ரெயின்டு லாஸ்ட் நைட்' தவறு. 'இட் ரெயின்டு லாஸ்ட் நைட்' என்று சொல்லலாம். ஊகம் என்று காட்டியே ஆக வேண்டுமென்றால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்டு லாஸ்ட் நைட்'. ஃபார்வேர்டர், அதாவது சரக்கை ஏற்றி அனுப்பும் ஏஜென்ட், 'நம்ம ஃபார்வேர்டர் டாக்குமென்ட்ஸை திங்கட்கிழமையே அனுப்பியிருக்கார்' என்று நீங்கள் கேள்விப்பட்டதை பையருக்கு எழுதும்போதும் இதே கதைதான்: 'தி ஃபார்வேர்டர் சென்ட் தி டாக்குமென்ட்ஸ் ஆன் மண்டே'.

'வி ஹேட் சென்ட் தி லேப் டிப் ஆன் ஃபிஃப்த் ஜூன்.' (லேப் டிப் என்றால் நிறம் பார்ப்பதற்காகச் சாயம் போட்டு அனுப்பும் சிறு துணித்துண்டு.) இதற்குப் பின்னால் இருப்பது 'அனுப்பியிருந்தோம்'. தமிழில் அதில் ஒரு மரியாதை உண்டு. 'போன வாரம் மெயில் போட்டிருந்தேனே, பார்த்தீங்களா?' என்று நயமாக நினைவூட்டுகிறோம். 'நேத்து கோயமுத்தூர் போயிருந்தேன்' என்று சாதாரணமாகவும் சொல்கிறோம். ஆங்கில 'ஹேட்' தனியாக வராது. நடந்துபோன இரண்டு விஷயங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அது வரும். 'வென் யூ கால்டு, வி ஹேட் ஆல்ரெடி சென்ட் இட்'. நீங்கள் கூப்பிட்டது ஒன்று, அதற்கும் முன்பே நாங்கள் அனுப்பியது இன்னொன்று. இரண்டாவது விஷயம் இல்லாமல் 'ஹேட் சென்ட்' மட்டும் போட்டால், படிக்கிறவர் 'சரி, அப்புறம் என்ன ஆயிற்று?' என்று காத்திருப்பார். அனுப்பினார்கள், ஆனால் ஏதோ சொதப்பிவிட்டது போலிருக்கிறது என்றும் நினைக்கலாம். உங்களுக்கு வேண்டியது 'வி சென்ட் தி லேப் டிப் ஆன் ஃபிஃப்த் ஜூன்'. மரியாதைக்கு 'ஜஸ்ட் எ ரிமைண்டர்' என்று முன்னால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஹேட்' மரியாதைச் சொல் இல்லை.

நான்காவது வரிதான் எனக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தது. 'வி ஹேவ் டைடு தி ஃபேப்ரிக்.' துணிக்குச் சாயம் போட்டுவிட்டோம் என்கிறீர்கள். யார் போட்டது? இந்த வாக்கியப்படி நீங்களே. ஆனால் சாயம் வெளியில் ஜாப் ஒர்க் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். 'வி ஹேட் தி ஃபேப்ரிக் டைடு' என்று சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். வெளியில் கொடுத்துச் சாயம் போட்டு வாங்கினோம் என்று ஆகிவிடும். இங்கே 'ஹேட்' சும்மா இறந்தகால 'ஹேவ்'தான், மேலே சொன்ன 'ஹேட் சென்ட்' அல்ல. வழக்கமாகவே வெளியில்தான் கொடுக்கிறோம் என்றால் 'வி ஹேவ் அவர் ஃபேப்ரிக் டைடு அவுட்சைட்'. துணி, சாயம் இரண்டும் இடம் மாறியதும் வேலை செய்த கையே மாறிவிடுகிறது.

இது இலக்கணச் சண்டை மட்டும் இல்லை. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் உங்களுடையது. சாயம் எங்கே ஏறுகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று பையரின் ஆடிட்டர் கேட்டால், மெயிலில் 'வி ஹேவ் டைடு' என்றும் ஆடிட்டில் 'வெளியில் கொடுக்கிறோம்' என்றும் இருந்தால் யாருக்குத் தலைவலி? உங்களுக்குத்தான்.

'ஹேவ் டைடு தி ஃபேப்ரிக்', 'ஹேவ் தி ஃபேப்ரிக் டைடு' என்கிற இந்த இரண்டு வரிசையும் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் 'எழுதப்பட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது' என்கிற பொருளில் 'ஹேவ்' போட்டுச் சொல்வார்கள். அது நாளாவட்டத்தில் 'கடிதம் எழுதியிருக்கிறேன்' என்று மாறி, 'ஹேவ்' வினைக்குத் துணையாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய வரிசை முற்றிலும் மறையாமல், பிறரை வைத்து வேலை வாங்குவதற்கு என்று நிலைத்துவிட்டது. முடி வெட்டிக்கொள்வதற்கும் இதுதான்: 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில்.

மிச்சம் இருப்பவை சில்லறை. 'டிட்' வந்துவிட்டால் 'ஹேட்' வராது: 'வி டிட் நாட் ஹேவ்'. 'டஸ்' வந்துவிட்டால் 'ஹேஸ்' வராது: 'டஸ் ஷி ஹேவ்'. 'ஈச் கார்டன்', 'எவ்ரிபடி' இரண்டும் ஒருமை, ஆகவே 'ஹேஸ்'. 'ஹேவ் டு' என்பதைப் பேச்சில் அவர்கள் 'ஹேஃப்டு' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். வீடியோ காலில் கேட்டுத் திகைக்க வேண்டாம். பையரிடம் எதையாவது கேட்கும்போது 'கைண்ட்லி டு தி நீட்ஃபுல்' என்பதைவிட 'கேன் வி ஹேவ் யுவர் கமென்ட்ஸ் பை மண்டே?' எவ்வளவோ இயல்பு.

பயிற்சிக்குத் தனி நோட்டு வேண்டாம். உங்கள் மெயிலில் 'சென்ட்' ஃபோல்டரைத் திறந்து 'ஹேவிங்' என்று தேடுங்கள். வருகிற ஒவ்வொன்றுக்கும் 'உண்டு' சோதனை. அது பழகியபின் 'ஹேட்' என்று தேடி, அதற்கு ஜோடியாக இரண்டாவது சம்பவம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படித் தேடினால் உங்கள் வேலையில் நிஜமாக வருகிற வாக்கியங்களே கிடைக்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் லேப் டிப் வராது. சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்திக்கொண்டால் போதாதா என்று தோன்றும். மெயிலுக்குப் போதும். ஆனால் வீடியோ காலில் அது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்காது. அதனால் காலில் வழக்கமாக வருகிற கேள்விகளுக்கு, குடும்பம், அனுபவம், எத்தனை மெஷின், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பவற்றுக்கு, பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் நாக்குக்குப் பழகாது. 'ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ்' என்பது யோசிக்காமல் வர வேண்டும்.

சந்தேகம் வரும்போது பார்க்க ஆக்ஸ்ஃபோர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி நல்லது. போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். அதைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர். முதலில் 1942இல் டோக்கியோவில்தான் அது வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் பதிப்பித்தது. ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கிறவர்களுக்கென்றே உருவானதால், நமக்குத் தடுக்குகிற இடங்களில் குறிப்புப் போட்டிருப்பார்கள். 'ஹேவ்' என்று தேடினால், உடைமைப் பொருளுக்குப் பக்கத்தில் 'இங்' வடிவத்தில் இது வராது என்கிற குறிப்பைப் பார்க்கலாம். 'நோ', 'பிலாங்', 'ஓன்' ஆகியவற்றையும் ஒருமுறை தேடிப் பாருங்கள், அவையும் இதே ஜாதி. உங்கள் மெயிலின் கடைசியில் 'வி ஆர் வான்டிங் யுவர் அப்ரூவல்' என்று ஒன்று இருக்கிறது. அதை 'வி நீட் யுவர் அப்ரூவல் பை ஃப்ரைடே' என்று மாற்றி, கிழமையை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுங்கள்.